பத்துப் பேர் கணக்கு

பினாங்குத் தெருக்கள் சொல்லும் வரலாறு – 17

சென்ற வாரம் அர்மீனியர் தெருவைப் பார்த்தோம். ஆட்கள் போய்விட, பெயர் மட்டும் தங்கிய தெரு அது. இந்த வாரம் பார்க்கும் சாலையில் பெயரும் தங்கவில்லை. ஜார்ஜ்டவுனில் பர்மா சாலைக்கும் மெக்காலிஸ்டர் சாலைக்கும் நடுவே ஓடும் ஜாலான் ஜைனல் அபிடினுக்கு முன்பு ஜாலான் யாஹுடி என்று பெயர். அதாவது யூதர் சாலை. மதில் சூழ்ந்த ஒரு கல்லறைத் தோட்டம்தான் அந்தப் பெயருக்குக் காரணம்.

1805-இல் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் அந்தத் தோட்டத்தில் நூற்றுச் சொச்சம் கல்லறைகள் உள்ளன. அவற்றில் மிகப் பழையது 1835 ஜூலை 9-ஆம் தேதியிட்டது. அது ஷோஷான் லேவி என்ற பெண்மணியுடையது. கல்லறைக்கான நிலத்தைக் கொடுத்தவரே அவர்தான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆக, பினாங்கு யூதர்களின் கதை ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்குகிறது.

அது முடிந்த விதத்தைப் பார்த்தால் முரண் விளங்கும். 1895-இல் பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய எசக்கியேல் மெனாசே, வந்துபோகும் யூதர்களுக்கெல்லாம் தம் வீட்டைத் திறந்துவைத்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு இன்னும் சில குடும்பங்கள் வந்துசேர்ந்தன. 1929-இல் ஒரு தொழுகைக்கூடம் திறந்தார்கள். அது அமைந்த இடம், நம் நாகூரின் பெயரைத் தாங்கிய நாகூர் சாலை. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது பலர் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். அங்கும் ஜப்பானியர் வந்தார்கள், பலர் சிறைமுகாமில் அடைபட்டார்கள். போர் ஓய்ந்ததும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, சிங்கப்பூர் என்று சிதறினார்கள். 1963-இல் எஞ்சியவை சுமார் 20 குடும்பங்கள்.

1976-இல் தொழுகைக்கூடம் மூடப்பட்டது. கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது இருக்க வேண்டும். இதை மின்யான் என்பார்கள். அந்தப் பத்துப் பேர் சேரவில்லை. பழமை வழுவாத மரபில் பெண்கள் எத்தனை பேர் வந்து அமர்ந்தாலும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

கணக்கில் சேராத அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? பதில் தேட வங்கக் கடலைத் தாண்ட வேண்டும். பினாங்கு யூதர்கள் தனித்தீவு அல்லர். பாக்தாத், பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஷாங்காய் என்று நீண்ட வணிகச் சங்கிலியின் ஒரு சின்னக் கண்ணி அவர்கள். பினாங்கில் பள்ளிக்கூடம் வைக்குமளவுக்கு ஆள்பலம் இல்லை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தது.

கல்கத்தாவில் யூதப் பெண்கள் பள்ளி 1881-இல் தொடங்கியது. பிள்ளைகள் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளுக்குப் போய் மதம் மாறிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். பயத்தில் தொடங்கிய பள்ளி துணிச்சலான பெண்களைக் கண்டது. அதன் தலைமையாசிரியையாக இருந்த ரெஜினா குஹாவின் தாய் பாக்தாதி யூதர், தந்தை வங்காளி. சட்டம் படித்து முடித்த ரெஜினா, வழக்காடும் உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1916-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் கூடி விசாரித்தார்கள். பெண்ணுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பு வந்தது. 1919-இல் ரெஜினா காலமானார். பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் 1923-இல்தான் வந்தது. அவருடைய தங்கை ஹன்னா சென் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரியை 1932-இல் உருவாக்கியவர்களில் முதன்மையானவர். பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரானார்.

பம்பாயின் கதை வேறு. அங்கே பாக்தாதிகளைவிட எண்ணிக்கையில் பெரியவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். கொங்கணக் கரையில் நூற்றாண்டுகளாக மராத்தி பேசி, செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள். அதனால் ஊரார் இவர்களைச் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தார்கள். இந்தச் சமூகத்தின் பெண்கள் 1913-இல் தொடங்கிய அமைப்புதான் பெனே இஸ்ரேல் ஸ்த்ரீ மண்டல். அமெரிக்காவில் ஹன்னா சாலமன் யூதப் பெண்களின் தேசிய மன்றத்தை நிறுவியது 1893-இல். ஹென்ரியெட்டா சோல்டின் ஹடாசா என்ற மகளிர் அமைப்பு பிறந்தது 1912-இல். செக்காட்டிகளின் பேத்திகள் அதற்கு அடுத்த ஆண்டே சங்கம் கண்டுவிட்டார்கள்.

மண்டலின் நிறுவனர் ஜெருஷா ஜிராத்துக்கு அப்போது வயது 23. ஷிமோகாவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது உடன்பிறந்தவளைப் பம்பாய் காமா மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் பிழைக்க வைத்ததைக் கண்டு, தானும் டாக்டராவது என்று முடிவு செய்தார். மருத்துவம் படித்து, அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். அந்த உதவித்தொகை பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். 1919-இல் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் வாங்கினார். 1928 முதல் 1947 வரை அதே காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பு அவருடையது. பிரசவத்தில் தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று பம்பாயில் ஆய்வும் நடத்தினார். 1925-இல் யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தவரும் இவரே. 1966-இல் பத்மஸ்ரீ வந்தது.

ஸ்த்ரீ மண்டலின் இன்னொரு முகம் ரெபெக்கா ரூபன். 1905-இல் பம்பாய் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம் பிடித்தார். ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. பெனே இஸ்ரேல் குழந்தைகளுக்காக 1875-இல் தொடங்கிய பள்ளியை 1922 முதல் 1950 வரை அவர் நடத்தினார். ஒருவர் தாயின் உயிரைக் காத்தார், மற்றவர் பிள்ளைக்கு எழுத்தறிவித்தார். பெண், குழந்தை, கல்வி என்று இன்றைய மகளிர் அமைப்புகள் அடுக்கும் மூன்றும் இந்த இருவரின் அன்றாட வேலையாக இருந்தன.

1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு பெனே இஸ்ரேல் யூதர்களில் பெரும்பாலோர் அங்கும், பாக்தாதிகளில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். கல்கத்தாவில் இன்று மிஞ்சியிருக்கும் யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் பார்க் தெருவில் யூதப் பெண்கள் பள்ளி நடக்கிறது. மாணவிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மதம் மாறிவிடக் கூடாதென்று கட்டிய பள்ளி, மதம் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியாகிவிட்டது. பம்பாயில் ரெபெக்கா நடத்திய பள்ளியின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

பினாங்கின் கடைசி யூதர் என்று அறியப்பட்ட டேவிட் மொர்டெக்காய் 2011-இல் காலமாகி, அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அவரோடு இங்கே ஓர் அத்தியாயம் முடிந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் முடியாததற்குக் காரணம் பணமோ எண்ணிக்கையோ மட்டுமல்ல. தொழுகைக்கூடத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் போதும். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். தன் சமூகத்துக்கென்று மட்டும் கட்டியது அந்தச் சமூகத்தோடு போகும். பெண்களும் பிள்ளைகளும் படிக்கவென்று கட்டியது, கட்டியவர்கள் கப்பலேறிய பிறகும் வேலை செய்யும்.

(அடுத்த வாரம்: சூலியா தெருவும் நாகூர் தர்காவும்)