குடிமராமத்தும் பறவைக் கூடும்

‘குடிமராமத்து’ என்னும் தொடரில் ஒரு தமிழ்ச் சொல்லும் ஓர் அரபுச் சொல்லும் கைகோத்து நிற்கின்றன. குடி என்பது ஊர் மக்களைச் சுட்டும். மராமத்து என்பது பழுது பார்த்தலைச் சுட்டும். ஊரார் தம் ஏரியையும் வாய்க்காலையும் தாமே கூடிச் செப்பனிட்ட வழக்கத்திற்கு இப்பெயர் அமைந்தது. பெயர் பிற்காலத்தது, வழக்கமோ மிகத் தொன்மையானது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்திற்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த செய்தியை நமக்கு உரைக்கின்றன.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் அமைந்த வேங்கிக்காலும் ஏரியுடைய ஊரே. அதன் பெயரிலேயே ‘கால்’ என்னும் சொல் உள்ளது. நீரோடும் வழிக்கும் அச்சொல் வழங்கும். 1989-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று வேங்கிக்காலில்தான் இருக்கிறது. உழவர் ஊர் நகர்ப்புறமாக மாறும்போது ஏரியைக் காணும் கண்ணும் மாறிவிடுகிறது. நாணலும் கோரையும் குப்பையாகத் தோன்றுகின்றன. சேறு அருவருப்பாகத் தோன்றுகிறது. கரை நேராகவும் நீர்ப்பரப்பு வெறுமையாகவும் இருந்தால்தான் ஏரி ‘சுத்தமாக’ இருப்பதாக எண்ணுகிறோம். இத்தகைய ஏரிகளின் பழைய கதையை நாம் அறிந்துகொள்வது இன்று தேவையாகிறது.

வடகிழக்குப் பருவமழையில் நிறையும் ஏரி கோடையில் வற்றும். அப்போது ஊரார் மண்வெட்டியும் கூடையும் கொண்டு இறங்குவர். வண்டல் மாட்டுவண்டியில் ஏறி வயலுக்கு எருவாகும். கரையின் தாழ்ந்த இடங்கள் மேடாகும். எனினும் ஏரி முழுவதையும் ஒரே கோடையில் தோண்டிவிட மனிதக் கைகளால் இயலாது. இவ்வாண்டு ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் அப்படியே கிடக்கும். அங்கே ஆமைக்கும் நத்தைக்கும் நாணலுக்கும் அடைக்கலம் இருக்கும். நம் முன்னோர் இதையெல்லாம் எண்ணியே செய்தனர் என்று புகழவேண்டியதில்லை. கருவியின் எல்லையே உயிர்களுக்குக் காவலாயிற்று.

ஆனால் எண்ணிச் செய்த ஊரும் உண்டு. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில், ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊரார் பேணிவந்தனர். வெள்ளைப் படைவீரர் அவற்றைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாதிருக்கப் பாடுபட்டவராக, ‘ஏரி காத்த இராமர்’ கோயில் கதையில் இடம்பெறுபவரும் இவரே. கரையைக் காக்க நினைத்த அதே மனிதர் கூட்டையும் காக்க ஒப்பினார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையென்று அவருக்குத் தோன்றவில்லை. ஊராருக்கும் தோன்றவில்லை, பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர்.

1858-ஆம் ஆண்டு நம் சிந்தனைக்குரியது. அவ்வாண்டில் வேடந்தாங்கலாரின் உரிமை ஆங்கில அரசால் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில், மராமத்துக்கு வராதவரைத் தண்டிக்க வழிசெய்யும் கட்டாய உழைப்புச் சட்டமும் சென்னை மாகாணத்தில் பிறந்தது. ஊரார் உவந்து செய்த பணி அரசாணைக்கு அஞ்சிச் செய்யும் பணியாயிற்று. காலப்போக்கில் அவ்வழக்கம் தளர்ந்தது, ஏரிகள் தூர்ந்தன.

2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் அப்பழைய பெயரையே சூட்டி, 100 கோடி ரூபாய்ச் செலவில் 1,519 பணிகளைத் தொடங்கியது. தூர்ந்த ஏரி மீண்டும் நீர் கொள்வது நற்செயலே. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பெயர் திரும்பிய அளவுக்குப் பழைய நிதானம் திரும்பவில்லை. கூடையின் இடத்தில் இன்று மண் தோண்டும் இயந்திரம் நிற்கிறது. தலைமுறைகள் சிறிது சிறிதாகச் செய்ததை அது சில நாள்களில் செய்து முடிக்கிறது.

அதனால் நேர்வதென்ன? ஏரி வற்றும்போது ஆமையும் தவளையும் நத்தையும் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை உயிரை அடக்கிக் கிடக்கும். சேற்றை ஒட்டுமொத்தமாக வாரும்போது அவையும் மண்ணோடு போகின்றன. நத்தை அழிந்தால் அதையே பெரிதும் உண்டு வாழும் நத்தைகுத்தி நாரைக்கு அங்கு வேலையில்லை. கரையோரத்தைச் செங்குத்தாக ஆழப்படுத்தினால், முழங்காலளவு நீரில் நின்று இரை தேடும் கொக்கும் நாரையும் நிற்க இடமின்றி அகலும். மண் கரையில் வளை குடைந்து முட்டையிடும் மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் கல் பதித்த கரை மூடிய கதவாகும். நாணலை முற்றும் அறுத்தால் நீலத்தாழைக் கோழியும் முக்குளிப்பானும் மறைவிடம் இழக்கும். வறண்ட தரையில் முட்டையிடும் ஆட்காட்டியோ, கோடையில் வரும் இயந்திரத்தின் வழியிலேயே தன் குஞ்சுகளை வைத்திருக்கிறது. யாரும் பறவையை வெறுத்து இவற்றைச் செய்வதில்லை. எண்ணாமையே இங்குக் கொல்லும் கருவியாகிறது.

பிற நாட்டாரும் இதே பாடத்தைத் தாமதமாகவே கற்றனர். இங்கிலாந்தின் ஆறு, கால்வாய்க் கரைகளில் வளை தோண்டி வாழும் நீரெலி மிக அருகிப் போனபின், 1998-இல் அதன் வளைகளுக்கும் 2008-இல் அவ்வுயிருக்கும் சட்டக் காவல் கிட்டியது. கரையில் வேலை தொடங்குமுன் வளை உண்டா என்று பார்ப்பது அங்குக் கடமையாயிற்று. நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், காக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை வேட்டையாகவே கருதுகிறது. சட்டம் உண்டு, இயந்திரம் இறங்குமுன் கரையைச் சுற்றிவந்து பார்க்கும் கண்தான் வேண்டும்.

அந்தக் கண்ணைத் திருவிவிலியம் நமக்குப் பண்டே தந்துள்ளது. வழியில் பறவைக் கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாய்ப்பறவையைப் பறக்கவிட வேண்டும் என்று இணைச்சட்டம் (22:6-7) விதிக்கிறது. படைப்பைப் பயன்படுத்த அது தடை விதிக்கவில்லை. பயனுக்கு ஓர் எல்லை வகுக்கிறது. நாளையும் இனம் தழைக்க வேண்டும் என்பதே அவ்வெல்லை. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், நாம் பயன்படுத்துவதற்காக மட்டும் பிற உயிர்கள் படைக்கப்படவில்லை என்பதை வலியுறுத்தினார். அம்மடலுக்கு ஆலயப் பீடத்தில் மட்டுமன்று, ஏரிக்கரையிலும் பொருள் உண்டு.

செய்யத்தக்கது அரிதன்று. ஏரியை ஒரே ஆண்டில் முழுவதும் தோண்டாது பகுதி பகுதியாகச் செப்பனிடலாம். கரையோரத்தில் ஓரிடத்தையேனும் சரிவாகவும் ஆழமின்றியும் விடலாம். நாணலில் ஒரு பங்கை நிறுத்தி, கூடுள்ள மரங்களைக் குஞ்சு பறக்கும்வரை வெட்டாதிருக்கலாம். எல்லா இடத்திலும் கல் பதிக்காமல் மண் கரைக்கும் இடம் தரலாம். ஏரிப்பணி பற்றி உள்ளூர்க் கூட்டங்களில் பேச்செழும்போது, இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கத்தோலிக்கப் பொதுநிலையினர் பலர் அக்கூட்டங்களில் வாய்திறவாது அமர்ந்திருக்கிறோம். வாக்குச் சேகரிக்கும் நாளில் மட்டும் நம்மைத் தேடி வருகின்றனர்.

வேடந்தாங்கல் மக்கள் செல்வர் அல்லர். படைபலம் உடையவரும் அல்லர். முறையிட்டனர், ஓர் எழுத்தைப் பெற்றனர், அதைத் தலைமுறைதோறும் காத்தனர். 2022-இல் அவ்வூர் ஏரி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறிற்று. வேங்கிக்காலிலும் நம் பங்குகளைச் சூழ்ந்த எண்ணற்ற சிற்றேரிகளிலும் அடுத்த கோடையில் இயந்திரம் இறங்கக்கூடும். அதற்கு முன் நம்முள் சிலரேனும் அக்கரைகளைச் சுற்றிவந்து, எங்கே வளை, எங்கே கூடு என்று குறித்துவைத்து, பணியை நடத்துவோரிடம் சொல்வோமாக.