ஒட்டுப் போட்ட கதை

எழுத்தாளன் என்று பெயர் எடுத்தவனுக்கு இரண்டு காரியங்களில் சோம்பல் அதிகம். ஒன்று, வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. மற்றொன்று, கம்ப்யூட்டரின் ஓரத்தில் தினந்தோறும் தலையை நீட்டி, "அப்டேட் தயாராக இருக்கிறது, இப்போதா, பிறகா?" என்று கேட்கும் கேள்விக்கு "இப்போதே" என்று சொல்லுவது. நான் எட்டு மாத காலம் "பிறகு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது மாதத்தில் ஒரு நாள் இரவு, நாவலின் பதினேழாம் அத்தியாயத்தை முடித்த சந்தோஷத்தில், போனால் போகிறதென்று சம்மதம் கொடுத்தேன். முப்பத்தொரு சதவிகிதத்துக்கு வந்து அது நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், முப்பத்தொன்று. பால் குடித்துவிட்டு வந்தேன், முப்பத்தொன்றேதான். பொறுமை இழந்து, செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். பொத்தானை அமுக்கி யந்திரத்தை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அது விழித்துக்கொண்டது. ஆனால் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "அப்டேட்டைப் பொருத்த முடியவில்லை, மாற்றங்களை விலக்குகிறேன்" என்று ஒரு வாசகம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து. செக்கு மாடு சுற்றுவதைப் போல் சுற்றிக்கொண்டே இருந்தது.

கீழ்ப் போர்ஷனில் என்ஜினீயரிங் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் யந்திரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"மாமா, எழுதினதுக்கு வேறே நகல் இருக்கா?"

"இல்லையேப்பா."

"எட்டு மாசம் தள்ளிப் போட்டீங்க, சரி. நடுவிலே அணைச்சீங்க, அதையும் விடுங்க. ஆனா டிஸ்கிலே இடம் எங்கே மாமா இருக்கு? வர்றது எங்கே வந்து உட்காரும்?"

என் தங்கை மகளின் கல்யாண வீடியோ நாலு பிரதிகள் அதில் கிடந்தன. ஏன் நாலு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவன் இரண்டு மணி நேரம் வேலை செய்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டவையும், பிறகு புத்தகங்களில் தேடித் தெரிந்துகொண்டவையும் சேர்ந்ததுதான் இந்தச் சரித்திரம். பதினேழாம் அத்தியாயம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். தொடர்கதை எழுதிப் பழகியவனை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் திருத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'பாட்ச்' என்று பெயர். கிழிந்த வேஷ்டியில் போடுகிறோமே, அந்த ஒட்டுதான். இது வெறும் உவமை என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1944-ம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 'மார்க் 1' என்ற கணக்குப் போடும் யந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. ஹோவார்டு ஐக்கன் என்பவர் யோசனை செய்து, ஐ.பி.எம். கம்பெனியார் கட்டியது. 51 அடி நீளம், 8 அடி உயரம். அதற்கான உத்தரவுகளைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுப்பார்கள். குறுக்கே ஒவ்வொரு வரிசையிலும் 24 துளைகளுக்கு இடம். தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு துண்டுக் காகிதத்தை வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுவார்கள். ஒட்டுக்கள் போட்ட அந்த நாடாவின் புகைப்படத்தை இன்றும் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பையன் நோட்டுப் புத்தகத்தில் தப்பை மறைத்தது போலவே இருக்கிறது.

அந்த ஒட்டில் ஒரு சௌகரியம் உண்டு. போட்டவருக்கு எங்கே போட்டோம் என்று தெரியும். பிடிக்காவிட்டால் பிய்த்து எடுத்துவிடலாம். யந்திரமும் ஒன்று, நாடாவும் ஒன்று, ஒட்டுப் போட்ட ஆளும் பக்கத்திலேயே நிற்கிறார். பின்னால் வந்த சங்கடங்களெல்லாம் இந்தச் சௌகரியம் கைவிட்டுப் போனதால் வந்தவைதான்.

இருபது வருஷம் தாண்டி வருவோம். 1964-ல் ஐ.பி.எம். தன்னுடைய 'சிஸ்டம் 360' யந்திரங்களை அறிவித்தது. அவற்றை நடத்திவைக்கும் மூல ஸாப்ட்வேருக்கு, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, பொறுப்பாக இருந்தவர் பிரெட் புரூக்ஸ். அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கணக்குச் சொல்லுகிறார்: ஒரு பிழையைத் திருத்தப் போனால், அந்தத் திருத்தமே புதிய பிழை ஒன்றைக் கொண்டுவரும் சாத்தியம் நூற்றுக்கு 20 முதல் 50 வரையில் உண்டாம்! வைத்தியர் ஒருவர் இப்படிச் சொன்னால் நாம் மருந்து சாப்பிடுவோமா? ஆனால் புரூக்ஸ் உண்மையைச் சொன்னார்.

உண்மை தெரிந்தவர்கள் அதற்கேற்ற முறையும் கண்டுபிடித்தார்கள். ஐ.பி.எம். பெரிய யந்திரங்களில் ஒரு திருத்தத்தைப் பொருத்துவதற்கு மூன்று கட்டளைகள் உண்டு. பெற்றுக்கொள், பொருத்து, ஏற்றுக்கொள். நம் கல்யாண சம்பிரதாயத்தைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பெற்றுக்கொள்வது என்பது ஜாதகம் வாங்கி வைப்பது. பொருத்துவது நிச்சயதார்த்தம், அதற்கு முன்னால், ஒன்றையும் மாற்றாமலே பொருத்தம் மட்டும் பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடும் உண்டு. ஏற்றுக்கொள்வதுதான் தாலி கட்டுவது. அந்த மூன்றாவது கட்டளை பிறக்கும் வரையில் "இது ஒத்துவரவில்லை" என்று சொல்லிப் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதற்குத் தனியாக நாலாவது கட்டளை ஒன்று இருக்கிறது. திரும்பிப் போக வழி வைத்துவிட்டுத்தான் அவர்கள் முன்னே போனார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. பொருத்தம் பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? 1998-ல் விண்டோஸ் 98 வெளிவந்தபோது, மைக்ரோஸாப்ட் கம்பெனி 'விண்டோஸ் அப்டேட்' என்ற ஏற்பாட்டையும் தொடங்கியது. திருத்தங்களை இண்டர்நெட் மூலம் நாமே வரவழைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இப்போது ஒரே ஒட்டு, ஒன்றைப்போல் ஒன்றில்லாத கோடிக்கணக்கான வேஷ்டிகளுக்குப் பொருந்த வேண்டும். 1999-ம் வருஷக் கடைசியில் விண்டோஸ் என்.டி. 4-க்காக வந்த ஆறாவது திருத்தத் தொகுதியைப் போட்டுக்கொண்ட காரியாலயங்களில், நிர்வாக அதிகாரம் இல்லாத சாதாரண குமாஸ்தாக்களுக்கு 'லோட்டஸ் நோட்ஸ்' தொடர்பு அறுந்துபோயிற்று. சில வாரங்களுக்குள் ஒட்டுக்கு ஒட்டாக '6 ஏ' என்று இன்னொன்று வந்தது.

இப்படிச் சூடு கண்டவர்கள், அடுத்த திருத்தம் வந்தபோது "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று ஒதுங்கி நின்றதில் என்ன ஆச்சரியம்? அதன் விலை 2003-ல் தெரிந்தது. அந்த வருஷம் ஜனவரி 25-ந் தேதி 'ஸ்லாம்மர்' என்ற புழு இண்டர்நெட்டில் பரவிற்று. அதன் உருவம் மொத்தம் 376 பைட். ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அது நுழையக்கூடிய யந்திரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறை அது பிடித்துக்கொள்ள ஆன நேரம் பத்து நிமிஷம். அமெரிக்காவில் ஒரு பெரிய பாங்கியின் பணம் கொடுக்கும் யந்திரங்கள் ஆயிரக்கணக்கில் கைவிரித்தன. இவ்வளவுக்கும், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகிவிட்டது. ஆறு மாதம்! அதைப் பொருத்தாதவர்களின் பட்டியலில் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் சொந்த யந்திரங்கள் சிலவும் இருந்தன. ஊருக்கு மருந்து கொடுத்தவர் வீட்டிலும் "பிறகு" என்று சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற இன்னொரு புழு வந்தது. இதற்கும் திருத்தம் ஒரு மாதத்துக்கு முன்பே தயார். இந்தப் புழுவுக்கு ஒரு விபரீத புத்தி இருந்தது: திருத்தம் வழங்கும் இடத்தையே தாக்க நாள் குறித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முள் வெட்டிப் போடுவது போல! சில நாட்களில் 'வெல்சியா' என்று மூன்றாவது ஒன்று வந்தது. யாரோ ஒரு பரோபகாரி செய்துவிட்டது. அது பிறர் யந்திரத்தில் அழைக்காமல் நுழைந்து, பிளாஸ்டரை வெளியேற்றி, திருத்தத்தைத் தானே தருவித்துப் பொருத்தப் பார்த்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அது போட்ட கூட்டத்தில் வலைகளெல்லாம் அடைத்துக்கொண்டு, தீமை செய்ய வந்ததைப் போலவே நன்மை செய்ய வந்ததும் உபத்திரவமாயிற்று. 2003 அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று திருத்தங்களுக்கு நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கலாமா என்று அமெரிக்காவில் யாரும் கேட்கவில்லை.

நாள் குறித்தும் பயம் தீரவில்லை. 2017 மே 12-ந் தேதி 'வன்னாக்ரை' என்ற புழு, கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டன. ஆறாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளுக்கு, டாக்டரைப் பார்க்கக் கொடுத்திருந்த நேரம் ரத்தாயிற்று. ஐந்து பிரதேசங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தூரத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போக நேர்ந்தது. திருத்தம் மார்ச் 14-ந் தேதியே வந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு என்னுடைய எட்டு மாதம் நினைவு வந்தது. நான் தள்ளிப் போட்டதனால் ஒரு நாவல்தான் ஆபத்துக்குள்ளாயிற்று.

ஆனால் தள்ளிப் போடுகிறவனை மட்டும் வைது பிரயோஜனமில்லை. 2018 அக்டோபர் 2-ந் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டது. நாலாம் நாளே அதை நிறுத்திவிட்டார்கள். பதினாயிரத்தில் ஒருவருக்குத்தான் அப்படி நேர்ந்தது என்று கணக்குச் சொன்னார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். எழுதி முடித்த அத்தியாயத்தை இழந்தவனிடம் போய் மற்ற ஒன்பதினாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருடைய க்ஷேமத்தைச் சொன்னால் அவன் என்ன சொல்வான்?

இனி, பொருந்தவே மறுக்கும் அப்டேட்டுக்கு வருகிறேன். 2024 ஜனவரி 9-ந் தேதி 'கே.பி. 5034441' என்று ஒன்று வந்தது. யந்திரம் படுத்துவிட்டால் எழுப்புவதற்கென்று டிஸ்கில் ஒரு சிறிய அறையைத் தனியாகத் தடுத்து வைத்திருப்பார்கள். அந்த அறையில் ஓர் ஓட்டையை அடைக்க வந்த திருத்தம் இது. உள்ளே போக அறையில் 250 மெகாபைட் காலியிடம் வேண்டும். பல யந்திரங்களில் அவ்வளவு இல்லை. திருத்தம் திரும்பித் திரும்பி வாசலில் முட்டிக்கொண்டது. "இடமில்லை" என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். அது சொன்னதோ 80070643 என்று முடியும் ஓர் எண்! அந்த எண்ணுக்குப் பொதுவான அர்த்தம், 'பொருத்தும்போது பெரிய பிழை நேர்ந்தது' என்பதுதான். வயிற்று வலிக்காரன் டாக்டரிடம் போய், "எனக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னது போல. கடைசியில், சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கும் முறையைக் கம்பெனியார் எழுதிக் கொடுத்து, உபயோகிப்பவர்களையே செய்துகொள்ளச் சொன்னார்கள்.

கீழ்ப் போர்ஷன் பையன் செய்ததும் ஏறக்குறைய இதே வரிசைதான். முதலில் இடம் பண்ணினான். பிறகு, அரைகுறையாக வந்து கிடந்த திருத்தங்களின் கிடங்கைக் காலி செய்தான். பழைய மூட்டையின் மேல் புது மூட்டையை அடுக்கினால் எப்படி நிற்கும்? அடுத்து, மூலக் கோப்புகள் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வைத்தான். அதற்கான கருவி விண்டோஸ் 98 காலத்திலிருந்தே உண்டாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது கடைசி வைத்தியம். அதை அவன் தொடவில்லை.

"இதுக்கு நல்ல வழியே கிடையாதாப்பா?" என்று கேட்டேன்.

"உங்க போன்லே இருக்கே மாமா" என்றான்.

2011-ல் வந்த குரோம்புக் கம்ப்யூட்டர்களிலும், 2016-ல் வந்த ஆண்டிராய்டு 7 முதல் பல போன்களிலும் மூல ஸாப்ட்வேருக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் நாம் குடியிருக்கும்போதே மற்றொன்றில் வெள்ளையடித்து வேலை முடிக்கிறார்கள். பிறகு அங்கே குடிபோகிறோம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பழைய வீடு பூட்டியபடி இருக்கிறது, திரும்பி வந்துவிடலாம். பழைய ஐ.பி.எம். என்ஜினீயர்கள் வைத்த அந்தத் திரும்பும் வழிதான் வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

இடமும், திரும்பும் வழியும். திருத்தம் கேட்பது இந்த இரண்டைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுமே அரிதாகிப்போன ஓர் இடத்திலும் அது நடந்திருக்கிறது. 1977-ல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத பாஷையில் பிதற்ற ஆரம்பித்தது. ஞாபகச் சில்லு ஒன்று கெட்டுவிட்டது. அதில் இருந்த உத்தரவுகளை வேறிடம் மாற்றவேண்டும். ஆனால் மொத்தமாக வைக்க எங்கேயும் இடமில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த மூலைகளில் வைத்து, ஒன்றோடொன்று கோத்தார்கள். கலம் இருந்தது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். செய்தி போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். 2024 ஏப்ரல் 18-ந் தேதி முதல் திருத்தத்தை அனுப்பினார்கள். 20-ந் தேதி பதில் வந்தது, ஒட்டு நின்றுவிட்டது. அந்த இரண்டு நாளும் பொத்தானை அமுக்க யாருடைய கைக்கும் எட்டாத இடத்தில் கலம் இருந்தது நல்லதாயிற்று!

எங்கள் வீட்டில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டாயிற்று. "இப்ப யாரும் கிட்டே போகாதீங்க" என்று பையன் என் மனைவியிடம் சொன்னான்; என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மத்தியானம் யந்திரம் என்னை அடையாளம் கண்டுகொண்டது. பதினேழாம் அத்தியாயம் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. அதை அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து என் பெண் வீட்டில் கொடுத்து வைத்தேன்.

கல்யாண வீடியோவை, நாலு பிரதிகளும் எதற்கென்று, ஒன்றை என் தங்கை மகளுக்கே அனுப்பிவைத்தேன். போன வாரம் அவள் போனில் கூப்பிட்டாள். "மாமா, என் கம்ப்யூட்டரிலே அப்டேட் பொருந்தமாட்டேன் என்கிறது. இடமில்லையாம்" என்றாள்.