அரைநாள் பள்ளிக்கூடமும் தோல் பறியும்

அன்னூரில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பழைய சைக்கிள் டியூபை இரும்பு வளையத்தில் இழுத்துக் கட்டிப் பறை செய்திருந்தான். நல்ல சத்தம். பள்ளிக்கு எடுத்துப் போனபோது ஆசிரியர் ஒருவர், "உங்கப்பன் தொழில் உனக்கு நல்லா வருதுடா" என்றாராம். அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். மறுநாளிலிருந்து பையன் அந்தப் பறையைத் தொடவில்லை.

பள்ளிக்கூடம் மாணவரின் படைப்பாற்றலை வளர்க்கிறதா, நசுக்குகிறதா என்று கல்லூரி மேடைகளில் விவாதிக்கிறோம். மனப்பாடம், மதிப்பெண், பிரம்பு என்று குற்றப்பட்டியல் வாசிக்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் தோழர்களே, ஏட்டுப் படிப்பு குழந்தையைக் கெடுக்கிறது, கைத்தொழில்தான் அறிவை வளர்க்கும் என்ற இதே வாதத்தைச் சொல்லித்தான் ஒருமுறை நம் பிள்ளைகளின் படிப்பில் கை வைத்தார்கள்.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டு வந்தார். பள்ளி நாளொன்றுக்கு 3 மணி நேரம், இரண்டு முறையாக நடக்கும். மீதி நேரத்தில் பையன் அப்பனோடு இருந்து தொழில் பழக வேண்டும். பெண் பிள்ளை அம்மாவோடு வீட்டு வேலை பழக வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை என்பது ஒரு காரணம். செய்து கற்பது நல்லது என்பது இன்னொன்று. காந்தியின் ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டு. ஆனால் அங்கே நூற்பதைப் பள்ளிக்குள் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கற்றார்கள். இங்கே யார் எதைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. எதிர்த்தவர்கள் வைத்த 'குலக்கல்வி' என்ற பெயர் அதனால்தான் நிலைத்தது.

கொங்கு நாட்டில் அந்த மீதி அரைநாளுக்கு என்ன பொருள்? கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் பறிக்கும் வாலுக்கும் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள். அது சாதாரண வேலையில்லை. எருமைத்தோலைப் பதப்படுத்தி, தண்ணீர் ஒழுகாமல் தைக்க அளவும் கணக்கும் தெரிய வேண்டும். அதை யாரும் படைப்பு என்று சொன்னதில்லை, தீட்டு என்றார்கள். பைக்காரா மின்சாரம் 1932லேயே வந்து, கிணறுகளில் மோட்டார்கள் இறங்கிக்கொண்டிருந்தன. செத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலைத்தான் நம் பிள்ளைகள் 1953இல் அரைநாள் பழகியிருக்க வேண்டும். நடைமுறையில் அதுகூட இல்லை. பண்ணையாளின் மகனுக்கு அப்பன் தொழில் என்றால் கவுண்டர் காட்டில் ஆடு மேய்ப்பதும் சாணி அள்ளுவதும்தான்.

பெரியார் எதிர்த்தார். தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார். அந்த மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அறிவித்த அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். அவர் ராஜாஜியின் அமைச்சரவையிலும் இருந்தவர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அது முடிந்த கதையா? 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயதானவர் குடும்பத் தொழிலுக்குக் கடன் வாங்கலாம். கல்லூரிக்குப் போகிற வயது அது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும் என்று கேட்டுத்தான் 2024இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. இன்னொரு பக்கம், 2022இல் பெருந்துறை அருகே பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக ஒரு தலைமை ஆசிரியை கைதானார். அது எந்தத் திட்டத்திலும் இல்லாத தொழில் பயிற்சி.

1953இல் தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். அந்த அரைநாளில் அவர்கள் என்ன செய்தார்கள், யார் காட்டில் நின்றார்கள் என்று அன்னூர்ப் பக்கத்துச் சேரிகளில் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் தாத்தா, அப்பத்தா, அம்மாயியிடம் கேளுங்கள்.