ஹைபிரிட் எஃகுத் திட்டம்

ஹைபிரிட் என்பது நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு இரும்புத் தாதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் சுவீடன் நாட்டுத் திட்டம் ஆகும். எஃகு நிறுவனமான எஸ்எஸ்ஏபி, சுரங்க நிறுவனமான எல்கேஏபி, மின் நிறுவனமான வாட்டன்ஃபால் ஆகியவை இணைந்து 2016 ஆம் ஆண்டு இதனைத் தொடங்கின.

பின்னணி

இரும்புத் தாது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு ஆகும். அதிலுள்ள ஆக்சிஜனை நீக்குவது ஒடுக்கம் எனப்படும். ஊதுலையில் இவ்வேலையைச் செய்வது கற்கரி. நீக்கப்படும் ஆக்சிஜன் கார்பனுடன் சேர்ந்து வெளியேறுவதால், ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டைஆக்சைடு உண்டாகிறது. கற்கரி எரிபொருளாக மட்டுமன்றி வேதிப்பொருளாகவும் பயன்படுவதால், எரிபொருள் சிக்கனத்தால் மட்டும் இதனை முற்றிலும் தவிர்க்க இயலாது.

செயல்முறை

நீரை மின்னாற்பகுத்துப் பெறப்படும் ஹைட்ரஜன் சூடாக்கப்பட்டு, உலையிலுள்ள தாது உருண்டைகளின் ஊடே செலுத்தப்படுகிறது. ஆக்சிஜன் நீராவியாக வெளியேறுகிறது. இரும்பு உருகாமல், துளைகள் நிறைந்த கடற்பஞ்சு இரும்பாகக் கிடைக்கிறது. பின்னர் இது மின்வில் உலையில் உருக்கப்பட்டு எஃகாக்கப்படுகிறது. பழைய இரும்பையும் இதனுடன் சேர்த்து உருக்கலாம்.

வளர்ச்சி

லூலியோ நகரில் அமைந்த சோதனை ஆலை 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. இம்முறையில் உருவான முதல் எஃகு 2021 ஆகஸ்டில் வொல்வோ குழுமத்துக்கு அளிக்கப்பட்டது. ஹைட்ரஜனைச் சேமிக்க 100 கன மீட்டர் கொள்ளளவுள்ள பாறைக்குகை 2022 இல் அங்கு திறக்கப்பட்டது.

மின் தேவை

ஒரு டன் இரும்புக்குக் குறைந்தது 54 கிலோகிராம் ஹைட்ரஜன் தேவை. அதனை உருவாக்கவே சுமார் 2,700 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். இம்மின்சாரம் நிலக்கரி அனல்மின் நிலையத்திலிருந்து பெறப்படின், ஊதுலையைவிடக் கூடுதலான கார்பன் டைஆக்சைடு வெளிப்படும். ஆகவே நீர்மின்சாரம் மிகுந்த வட சுவீடன் இம்முறைக்கு ஏற்ற இடமாக உள்ளது. பிற நாடுகளில் இதன் பயன், அங்கு மின்சாரம் எவ்வாறு பெறப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.