எபிரேய இறைவாக்கில் குழந்தைப் பெயர்கள்

கி.மு. 8ஆம் நூற்றாண்டு எபிரேய இறைவாக்கினர் சிலர் தம் குழந்தைகளுக்கு இட்ட பெயர்கள் நாட்டிற்கான எச்சரிக்கைகளாக விளங்கின. வட இசுரயேலில் ஓசியா தம் மகளுக்கு இட்ட லோருகாமா என்னும் பெயர் 'இரக்கம் பெறாதவள்' எனப் பொருள்படும். யூதாவில் ஏசாயா, 'கொள்ளை விரைகிறது, சூறை முந்துகிறது' எனப் பொருள்படும் மகேர் சாலால் அஷ்பாஸ் என்னும் பெயரை, மகன் பிறக்கும் முன்னரே பலகையில் எழுதிச் சாட்சிகளையும் வைத்தார். அம்மகன் தாய்தந்தையரை அழைக்கக் கற்பதற்குள் தமஸ்குவின் செல்வமும் சமாரியாவின் பொருளும் அசீரியரால் கவரப்படும் என்பது வாக்கு. கி.மு. 732இல் தமஸ்கு வீழ்ந்தது. வட இசுரயேலின் தலைநகரான சமாரியாவோ கி.மு. 722 அளவில்தான் வீழ்ந்தது. அப்போது அம்மகன் பத்து வயதளவை எட்டியிருப்பான். இப்பொருத்தமின்மை நூலில் திருத்தப்படவில்லை. எனவே அப்பெயர் நிகழ்வுக்குப்பின் புனையப்பட்டதன்று எனக் கொள்ள இடமுண்டு.