மலையிறங்கி வருவோருக்கு எந்தக் காட்சி?

தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியே ஏறினால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். இத்தகைய மலைப்பாதைகளில் மூட்டை சுமந்தோரின் வாழ்வைத்தான் லெனின் பாரதி 'மேற்குத் தொடர்ச்சி மலை'யாக எடுத்தார். தயாரிப்பு விஜய் சேதுபதி. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இசை, தேவாரத்தை அடுத்த பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா. துண்டு நிலத்துக்காகக் காசு சேர்க்கும் ரங்கசாமி, முடிவில் அந்நிலத்தில் எழுந்த காற்றாலைக்குக் காவலாளியாகிறான்.

படம் திரைக்கு வந்த நேரம் மோசமானது. 2018 மார்ச் முதல் ஏறத்தாழ ஏழு வாரம் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்கள் புதிய வெளியீடுகளை நிறுத்தி வைத்திருந்தனர். டிஜிட்டல் திரையிடலுக்குப் படம் எடுத்தவரே கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததுதான் பிணக்கு. பிறகு, தேங்கிய படங்கள் வரிசை கட்டின. ஆகஸ்ட் 24 அன்று இப்படம் வந்தபோது உடன் வந்தது பிரபுதேவாவின் 'லட்சுமி'. 30ஆம் தேதி நயன்தாராவின் 'இமைக்கா நொடிகள்'. இடையில் இருந்தவை ஆறே நாட்கள்.

பிலிம் பெட்டிகளின் காலத்தில் பிரதிகள் குறைவு. நகரத்தில் ஓடித் தேய்ந்த பிரதி மாதங்கள் கழித்தே சிற்றூர்க் கொட்டகைக்கு வரும். திரையில் கோடுகள் விழும், ஒலி கரகரக்கும். ஆனால் 'நல்ல படம்' என்ற பேச்சு பெட்டிக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருக்கும். இன்று எல்லா ஊருக்கும் ஒரே வெள்ளிக்கிழமை. பேச்சு பரவுவதற்குள் சுவரொட்டி மாறிவிடுகிறது.

பழைய காலத்தைப் பொற்காலமாக்கவும் மனம் ஒப்பவில்லை. ஜெயகாந்தன் தாமே தயாரித்து இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) தேசிய விருது பெற்றும் திரையரங்குகளில் இடம் பிடிக்கவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' கதையிலிருந்து சேதுமாதவன் எடுத்த 'மறுபக்கம்', சிறந்த படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்டது தூர்தர்ஷனில். 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது பெற்ற வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2023 அக்டோபரில் இணையத் தளத்தில் வெளியாயிற்று. அதன் பொட்டல்வெளியைக் கைப்பேசியில் காண்பதை எப்படிப் பார்த்தல் என்பது?

சிறிய படங்களுக்கு வாய்ப்பவை பெரும்பாலும் காலை, பகல் காட்சிகளே. ஏலத்தோட்டக் கூலிகளை ஏற்றிய ஜீப்புகள் இருள் பிரியுமுன் மலையேறுகின்றன. அவர்கள் திரும்பி இறங்க அந்தியாகிவிடும். மாலைக் காட்சியில் அப்போது வேறு படம் ஓடிக்கொண்டிருக்கும்.