ராம் கூட்டியபின் கணினி முடக்கம்

அதுவரை ஒழுங்காக ஓடிய கணினி, புதிய ராம் ஸ்டிக் பொருத்திய பிறகு இடையிடையே உறைந்து போகலாம், நீலத்திரை காட்டலாம், தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். சில வேளை டிஸ்ப்ளேவே வராமலும் போகலாம். ராம் கூட்டியபின் முடக்கம் என்பது இவை எல்லாவற்றையும் குறிக்கும். மேசைக் கணினி, மடிக்கணினி இரண்டிலும் இது நேரும். புதிதாக வாங்கிய ஸ்டிக் பழுது என்றுதான் பெரும்பாலோர் உடனே முடிவுகட்டுகிறார்கள். ஆனால் பல வேளைகளில் அந்த ஸ்டிக்கைத் தனியாகப் போட்டால் ஒரு குறையும் இராது. பழையதும் தனியாக நன்றாகவே ஓடும். இரண்டும் சேரும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஸ்டிக்கைக் குறை சொல்வதற்கு முன் சேர்க்கையைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன் கணினியில் உள்ள கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும்.

சேர்க்கை ஏன் தோற்கிறது

ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரோடு இணைந்த நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. இந்த எளிய அமைப்பை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1966-இல் வகுத்தார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு வரிசையையும் சில பத்து மில்லி நொடிகளுக்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும். சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தக் கெடு பாதியாகிறது. ஒரு வரிசையைத் திறந்தபின் எத்தனை சுழற்சி காத்திருப்பது போன்ற கணக்குகளுக்கு டைமிங் என்று பெயர். ஸ்டிக்கின் மேலேயே உள்ள எஸ்பிடி என்ற சிறு சில்லில் இந்த எண்கள் பதிந்திருக்கும். கணினியை ஆன் செய்ததும், மதர்போர்டிலுள்ள தொடக்க நிரலான பயாஸ் அதைப் படித்து, எல்லா ஸ்டிக்குகளுக்கும் பொதுவான வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. 3200 வேக ஸ்டிக்கோடு 2666 சேர்ந்தால் இரண்டும் 2666-இல் ஓடும்.

வேகம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஒரே நிறுவனம், ஒரே மாடல் எண் என்றாலும் இரண்டு ஆண்டு இடைவெளியில் வாங்கிய ஸ்டிக்குகளில் வெவ்வேறு ஆலைகளின் சில்லுகள் இருக்கக்கூடும். மேலும், ஒரே சேனலில் (ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையிலான தரவுப் பாதையில்) உள்ள இரண்டு ஸ்லாட்டுகள் ஒரே மின்தடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டிக் கூடக்கூட அந்தத் தடங்களில் சுமை ஏறி, சமிக்ஞை மங்குகிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டு ஸ்டிக் இருந்தால் டிடிஆர்5-5200 வரை அந்த ப்ராசசர்களுக்கு அதிகாரபூர்வ ஆதரவு உண்டு. நான்கு ஸ்டிக் என்றால் அது 3600-க்கு இறங்கிவிடும். 6000-இல் நிம்மதியாக ஓடிய கணினியில் அதே மாடல் ஸ்டிக் இன்னும் இரண்டைப் போட்டதும் அது விழுந்தால், நான்கு ஸ்டிக்கும் நல்லவையாகவே இருக்கலாம்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 3600, 6000 போன்ற எண்களைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவை தரநிர்ணய வேகங்கள் அல்ல. இன்டெல் 2007-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி, ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த எக்ஸ்போ ஆகிய அமைப்புகளை பயாஸில் இயக்கினால்தான் அந்த வேகம் கிடைக்கும். இரண்டுமே ஓவர்கிளாக்கிங்தான், அதாவது தரநிர்ணய வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. நினைவகக் கட்டுப்படுத்தி இப்போது ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003-இலும் இன்டெல் 2008-இலும் அதை மதர்போர்டிலிருந்து ப்ராசசருக்கு மாற்றின. ஆகவே ராமின் வேகத்தைக் கூட்டினால் ப்ராசசருக்கும் அழுத்தம் கூடுகிறது. 2023-இல் எக்ஸ்போ இயக்கிய சில கணினிகளில் ரைசன் 7000 ப்ராசசர்கள் கருகிப்போயின. அதன்பின் ப்ராசசரில் நினைவகக் கட்டுப்படுத்தி இருக்கும் பகுதியின் மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி பயாஸ் வழியாகவே வரம்பு கட்டினார்கள்.

பொருந்தாத வகைகள்

டிடிஆர் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று மாற்றாகா. டிடிஆர்3 மேசைக் கணினி ஸ்டிக்கில் 240 முனைகள், டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288. வெட்டின் இடம் மாறுபடுவதால் தவறான தலைமுறை ஸ்லாட்டில் ஏறாது. பலவந்தமாக அழுத்தினால் ஸ்லாட் உடையும். மின்னழுத்தமும் தலைமுறைதோறும் குறைந்து வந்திருக்கிறது: டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட்.

பழைய மடிக்கணினிக்கு ராம் தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது டிடிஆர்3எல் விஷயத்தில். வடிவத்தில் அது சாதாரண டிடிஆர்3 போலவே இருக்கும், ஆனால் 1.35 வோல்ட்டில் ஓடும். 1.35 மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் டிஸ்ப்ளே வராது, அல்லது வந்து விழும். கொள்ளளவிலும் இதுபோன்ற கண்ணி உண்டு. டிடிஆர்3-இல் ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி என்பதைப் பொதுவாக ஹாஸ்வெல் தலைமுறை ப்ராசசர் வரையிலான இன்டெல் மேசைக் கணினிகள் ஏற்பதில்லை. 24, 48 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகள் 2023-இல் சந்தைக்கு வந்தபோது பல போர்டுகளுக்கு பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மதர்போர்டு நிறுவனங்கள் தாங்கள் சோதித்த ஸ்டிக்குகளின் பட்டியலை மாடல் வாரியாக வெளியிடுகின்றன. வாங்குமுன் அதைப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி வாசலோடு நின்றுவிடும்.

அறிகுறிகள்

விண்டோஸ் நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’, ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்ற செய்திகள் அடிக்கடி வரும். இவற்றில் எதுவும் தனியாக ராம்மீது குற்றத்தை நிறுவாது, ஏனெனில் கெட்டுப்போன டிரைவரும் இதே செய்திகளைத் தரும். கவனிக்க வேண்டியது அவை மாறுவதைத்தான். டிரைவர் பழுது என்றால் பெரும்பாலும் ஒரே செய்தி, ஒரே கோப்பின் பெயர், ஒரே வேலையின்போது வரும். ராம் பழுது என்றால் ஒருமுறை பிரவுசர் மூடிக்கொள்ளும், அடுத்தமுறை வேறொரு நீலத்திரை, பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது.

லினக்ஸ் உலகில் இந்த அனுபவம் பழையது. 1990-களில் லினக்ஸின் மைய நிரலான கெர்னலைக் கம்பைல் செய்யும்போது ஜிசிசி என்ற கம்பைலர் ‘சிக்னல் 11’ என்று சொல்லி நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் வேறோர் இடத்தில் நிற்கும். ரோஜியர் வொல்ஃப் இதற்கென்றே ஒரு கேள்வி-பதில் ஆவணம் எழுதிப் பராமரித்தார். அதே கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுந்தால் வன்பொருளைச் சந்தேகி என்பது அதன் சாரம்.

கணினி விழுவதைவிட விழாமலிருப்பது ஆபத்தாகும் நேரமும் உண்டு. பழுதான ராம் வழியாகப் போகும் புகைப்படத்தில் ஒரு பிட் புரண்டால் எந்த எச்சரிக்கையும் வராது, கெட்ட படமே டிஸ்கில் பதிந்துவிடும். ஒரு பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது சிஆர்சி என்ற சரிபார்ப்புப் பிழை வருகிறது, மறுமுறை விரித்தால் வரவில்லை. அல்லது ஒரே கோப்பின் சரிபார்ப்புத் தொகையை இருமுறை கணக்கிட்டால் இரண்டு விடை வருகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தக் கணினியில் உடனே வேலையை நிறுத்த வேண்டும்.

செய்யக்கூடாதவை

முடக்கம் தொடங்கியதும் விண்டோஸை மீண்டும் நிறுவுவதும், டிஸ்க் சரிபார்ப்பை ஓட்டிக் கோப்பு முறைமையைப் பழுதுபார்ப்பதும் பரவலாகத் தரப்படும் அறிவுரைகள். ராம் சந்தேகத்தில் இருக்கும்போது இரண்டும் தவறு. நிறுவப்படும் ஒவ்வொரு கோப்பும் அதே ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. பழுதுபார்க்கும் நிரலும் தன் கணக்குகளை அதே ராமில்தான் வைத்திருக்கிறது. அது தவறாகக் கணக்கிட்டால் நல்ல கோப்புகளையும் சேர்த்துச் சிதைத்துவிடும். முதலில் புதிய ஸ்டிக்கைக் கழற்ற வேண்டும். பழைய ராமில் மட்டும் கணினி நிலையாக ஓடுவதை உறுதி செய்துகொண்டு முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுக்க வேண்டும். முந்தைய நகல் இருந்தால் அதன்மேல் எழுதாமல் தனியாக வைப்பது நல்லது.

பழுது காணும் முறை

மின்இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடிக்க வேண்டும். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். உடலின் நிலைமின்னைப் போக்கக் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டபின் ஸ்டிக்கை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும்.

மிக எளிதானதும் மிக அதிகமாகத் தவறவிடப்படுவதும் பொருத்தல்தான். பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே பூட்டு அசையும். அந்தப் பக்கம் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். பூட்டு இல்லாத முனையோ ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தங்கநிற முனைகளின் கோடு ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் தெரியும். கழற்றி, இரு முனைகளையும் இரண்டு கட்டைவிரல்களால் ஒருசேர அழுத்த வேண்டும். மடிக்கணினியில் ஸ்டிக்கைச் சாய்வாக முழுவதும் உள்ளே தள்ளியபின்தான் கீழே படுக்க வைக்க வேண்டும். பாதி நுழைந்த நிலையில் படுக்க வைத்தாலும் பூட்டு விழுந்துவிடும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது சர்வீஸ் கடைகளில் நெடுநாள் பழக்கம். அதில் மெல்லிய தங்கப் பூச்சு தேய்வதோடு துகள்கள் ஸ்லாட்டுக்குள்ளும் விழும். நார் உதிராத துணியில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தாலே போதும்.

அடுத்து பயாஸ். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை நிறுத்தி, எல்லா அமைப்புகளையும் இயல்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பயாஸுக்குள்ளேயே போக முடியாவிட்டால் போர்டிலுள்ள ஜம்பரைக் கொண்டோ காசு வடிவ பேட்டரியைக் கழற்றியோ, பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்டுள்ள சீமாஸை அழிக்கலாம். டிடிஆர்5 கணினியில் ராம் மாற்றியபின் முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு சமிக்ஞை நேரங்களைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். கணினி செத்துவிட்டது என்று நினைத்து இந்த நேரத்தில் பவரை நிறுத்துபவர்கள் ஏராளம்.

இயல்நிலை வேகத்திலும் முடக்கம் தொடர்ந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில்தான் தனி ஸ்டிக்கைப் போடச் சொல்வார்கள். இரண்டு என்றால் இரண்டாவதும் நான்காவதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஸ்டிக் மாறும்போது ஸ்லாட் மாறக்கூடாது, ஸ்லாட் மாறும்போது ஸ்டிக் மாறக்கூடாது. பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக் பழுது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட், ப்ராசசர் சாக்கெட்டில் வளைந்த முனை, அல்லது ஒருபக்கமாக இறுக்கிய கூலர் காரணமாக இருக்கலாம். எல்லா ஸ்டிக்கும் எல்லா ஸ்லாட்டிலும் தனியாக ஓடி, சேர்ந்தால் மட்டும் விழுந்தால் சிக்கல் சேர்க்கையில் இருக்கிறது. வேகத்தை ஒருபடி குறைப்பதும் பயாஸைப் புதுப்பிப்பதும் அப்போது உதவும்.

ஒவ்வொரு நிலையையும் சோதிக்க மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ ஏற்றது. முதலாவதை 1990-களில் கிறிஸ் பிரேடி எழுதினார். இரண்டாவது அதிலிருந்து கிளைத்த திறமூல நிரல், 2022-இல் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்தது. இரண்டும் யுஎஸ்பியிலிருந்து நேரடியாகத் தொடங்கி, ராம் முழுதும் பல வடிவங்களை எழுதிப் படித்து ஒப்பிடுகின்றன. விண்டோஸோடு வரும் சோதனைக் கருவி விரைவானது, ஆனால் நுணுக்கமான பழுதுகளைத் தவறவிடக்கூடும். ஓர் இரவு முழுக்க ஓடி ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பை ஏற்கக்கூடாது. ‘ஒன்றுதானே’ என்று விடுவதற்கு இங்கே இடமில்லை. ஒரு பிழையும் வராமல் பழைய ராமோடும் முடக்கம் தொடர்ந்தால் கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ராம் மாற்றக் கை உள்ளே போனபோது தளர்ந்த கேபிள், பவர் சப்ளை, அதே வாரத்தில் புதுப்பித்த டிரைவர் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

வரலாற்றில் சில நிகழ்வுகள்

குற்றம் ஸ்டிக்கில் இல்லாத ஒரு பெரிய நிகழ்வு இன்டெல் 820 சிப்செட். மூன்று ஸ்லாட்டுகளையும் நிரப்பினால் தரவுப் பிழை வருவது தெரிந்ததால் 1999 செப்டம்பரில் அதன் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. 2000 மே மாதத்தில், அந்தச் சிப்செட்டோடு அக்காலச் சாதாரண ராமான எஸ்டிராமை இணைக்கும் துணைச் சில்லில் பழுது கண்டு, முடக்கத்துக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் அதுவே காரணம் என்று அறிவித்து, இன்டெல் போர்டுகளை மாற்றித் தந்தது. 2001-இல் பவர் மேக் ஜி4 கணினிகளுக்கு ஆப்பிள் வெளியிட்ட ஃபர்ம்வேர், தரக்குறிப்புக்கு ஒத்துவராத பிற நிறுவன ஸ்டிக்குகளை முடக்கியது. அவற்றில் பலவற்றில் எஸ்பிடி தரவு மட்டுமே பிழை. அதைத் திருத்தும் ஒரு சிறு நிரல் வந்ததும் அவை மீண்டன.

நல்ல ஸ்டிக்கும் காலப்போக்கில் கெடும். 2022 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கணினி கம்பைல் செய்யும்போது தாறுமாறாக விழத் தொடங்கியது. அவரே முதலில் கெர்னலில் புதிய பிழை புகுந்திருப்பதாகத்தான் நினைத்தார். பழைய கெர்னலிலும் அதே நிலை தொடர, இரவு முழுதும் மெம்டெஸ்ட்86+ ஓட்டி, இரண்டரை ஆண்டு ஒழுங்காக ஓடிய ஒரு ஸ்டிக் கெட்டிருப்பதைக் கண்டார். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து பியாங்கா ஷ்ரோடர் குழு 2009-இல் வெளியிட்ட கட்டுரை, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் பிழை பதிவானதாகக் கூறியது. சர்வர்களில் உள்ள இசிசி ராம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திப் பதிவும் செய்கிறது. சாதாரண டிடிஆர்5-இல் சில்லுக்குள் மட்டும் ஒருவகைத் திருத்தம் உண்டு. சில்லிலிருந்து ப்ராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது காணாது.

மாற்றிப் பெறுதல்

ராம் நிறுவனங்கள் பலவும் நீண்டகால உத்தரவாதம் தருகின்றன. இரண்டு ஸ்டிக் கொண்ட கிட்டாக வாங்கியிருந்தால், ஒன்று மட்டும் பழுதானாலும் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்க வேண்டும். புதிதாக வரும் ஒன்று எஞ்சிய பழையதோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. மெம்டெஸ்ட் காட்டிய பிழைத் திரையைப் புகைப்படம் எடுத்து, ஸ்டிக்கின் மேலுள்ள ஸ்டிக்கரைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும். ராம் கூட்டத் திட்டமிடுபவர் 8 ஜிபியோடு இன்னொரு 8 சேர்ப்பதற்குப் பதில், இரண்டு 8 அடங்கிய கிட்டாக வாங்கிப் பழையதை எடுத்துவிடுவது செலவு சற்றுக் கூடினாலும் பாதுகாப்பான வழி.